ஏணியும் முக்காலியும்

நான் நாலே முக்கால் அடி. என் வீட்டுக்காரர் ஆறடிக்கு மேல் இரண்டு அங்குலம். பாப்பாரப்பட்டியில் நாங்கள் சேர்ந்து ஞாயிறு பூசைக்குக் கிளம்பினால், "ஏணியும் முக்காலியும் போகுது" என்று தெருவில் ஒருவராவது சொல்லாமல் விடமாட்டார்கள். முக்காலி நான். இருபத்து மூன்று வருஷமாகக் கேட்கிறேன், இன்னமும் சுருக்கென்றுதான் இருக்கிறது. தாலி கட்டும்போது அவர் குனிந்ததில் அவருடைய மாலை கழன்று என் தலையில் விழுந்ததைச் சொல்லிச் சிரிக்க இன்றைக்கும் ஒரு கூட்டம் உண்டு. உயரத்தைப் பற்றி யாராவது பேச்செடுத்தால் எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பிறகு நடந்த தவறில் அந்தக் கோபத்துக்கும் பங்கு இருக்கிறது.

அப்படி ஒரு ஆள் வீட்டில் இருக்கும்போது ஏணி எதற்கு? பரண் மேல் இருக்கும் இட்லிக் குண்டானா, பீரோ உச்சியில் இருக்கும் பெட்டியா, எல்லாவற்றுக்கும் அவர் கைதான். லாரியில் லோடு ஏற்றிக்கொண்டு நாக்பூர் பக்கம் போய்விட்டால் எட்டாத பொருள் இல்லாமலே நான் ஒரு வாரம் ஓட்டிவிடுவேன். அவர் வந்து இறங்கி, லுங்கி மாற்றுவதற்குள் இதை எடு, அதை இறக்கு என்று வரிசையாகச் சொல்வேன். என் கைக்கு மேலே வீட்டில் என்ன இருக்கிறது, எப்படி இருக்கிறது என்று எனக்கு ஒன்றும் தெரியாது. அது முழுக்க அவருடைய பொறுப்பாக இருந்தது.

டிசம்பர் பிறந்தால் கிறிஸ்துமஸ் நட்சத்திரம் கட்டுவதும் அவர்தான். வாசல் சுவரில், மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவருக்குச் சற்றுக் கீழே, ஒரு இரும்புக் கொக்கியை அவரே துளை போட்டு இறக்கி வைத்திருந்தார். மேசையைத் தூக்கிப்போட்டு அதன்மேல் ஏறிக் கையை நீட்டினால் அவருக்குச் சரியாக எட்டும். ஊரில் எல்லோரும் நிலைப்படிக்கு மேலே கட்டுவார்கள். எங்கள் நட்சத்திரம் மட்டும் அவ்வளவு உயரத்தில் எரியும். தர்மபுரியிலிருந்து வரும் கடைசி பஸ்ஸின் கண்டக்டர், எங்கள் நிறுத்தத்தை "நட்சத்திர வூடு எறங்குறவங்க வாங்க" என்று டிசம்பர் மாதம் முழுக்கக் கூப்பிடுவார். அதில் என் வீட்டுக்காரருக்கு உள்ளூர ஒரு பெருமை. வெளியில் காட்டிக்கொள்ள மாட்டார், ஆனால் அந்த பஸ் வரும் நேரத்துக்கு வாசலில்தான் நிற்பார்.

போன வருஷம் ஜெபமாலை மாதமான அக்டோபரில் தொப்பூர் இறக்கத்தில் பிரேக் பிடிக்காத ஒரு லாரி பின்னாலிருந்து வந்து இவர் வண்டியை இடித்தது. அந்த இறக்கத்தில் உயிரோடு வந்ததே பெரிது என்று பார்த்தவர்கள் எல்லோரும் சொன்னார்கள். வலது தோளில் பிளேட் வைத்தார்கள். கை தோளுக்கு மேல் எழும்பவில்லை, விரல்களில் பிடிப்பும் போய்விட்டது. டம்ளரைக்கூட இடது கையில்தான் பிடிக்கிறார். அண்ணாந்து பார்த்தால் தலை சுற்றும், அதனால் உயரத்தில் ஏறவே கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லி அனுப்பினார். அந்த டிசம்பரில் நாங்கள் நட்சத்திரம் கட்டவில்லை.

கை போனதைவிட எனக்குப் பெரிய கவலை வேறு ஒன்று. அவர் தன் வீட்டிலேயே விருந்தாளி மாதிரி நடந்துகொள்ள ஆரம்பித்தார். டீ வேண்டுமென்றால் கேட்க மாட்டார், நானாகக் கொடுத்தால் குடிப்பார். மின்விசிறியைப் போடலாமா என்று என்னிடம் கேட்பார். நான் பக்கத்து வீட்டுப் பையனைக் கூப்பிட்டுப் பரணிலிருந்து ஒரு பாத்திரம் இறக்கச் சொன்ன அன்று, அவர் எழுந்து கொல்லைப்புறம் போய்விட்டார். அதற்குப் பிறகு நான் யாரையும் கூப்பிடவில்லை. பரணில் இருந்தது பரணிலேயே கிடந்தது.

இந்த நவம்பர் கடைசியில் ஒருநாள் நான் வெளியே போய்விட்டுத் திரும்பும்போது மேசை வாசலுக்கு வந்திருந்தது. இடது கையாலேயே இழுத்துக்கொண்டு வந்திருக்கிறார். ஏறத்தான் இழுத்திருக்கிறார் என்று புரிந்தது. ஒன்றும் கேட்காமல், ஒரு மடக்கு ஏணி வாங்கிவிடலாம் என்று மட்டும் சொன்னேன்.

"யாரு ஏறறதுக்கு?" என்றார்.

நான்தான் ஏறுவேன் என்றேன். அவர் மேசையைப் பார்த்தார், கொக்கியைப் பார்த்தார், கடைசியாக என்னை மேலும் கீழும் பார்த்தார். அப்படிப் பார்த்ததற்கு வேறொரு நாளாக இருந்தால் சண்டை போட்டிருப்பேன்.

ஓசூரில் வேலை பார்க்கும் மகள், போனிலேயே ஆர்டர் போட்டு அனுப்பிவிடுகிறேன் என்றாள். அதற்கு மட்டும் அவருக்குப் பழைய குரல் வந்தது. ஏறிப் பார்க்காத ஏணியை எவன் வாங்குவான் என்று கேட்டார். அந்தக் குரலுக்காகவே மறுநாள் தர்மபுரிக்கு பஸ் ஏறினோம்.

அன்று வெள்ளிக்கிழமை என்பது இருவருக்கும் நினைவில் இல்லை. நாங்கள் போய்ச் சேர்ந்தபோது ஹார்டுவேர் கடையின் ஷட்டர் பாதி இறங்கியிருந்தது, கடைக்கார பாய் தொழுகைக்குப் போயிருந்தார். ஏணிகளை மட்டும் வெளியே சுவரில் சாய்த்துச் சங்கிலி போட்டுப் பூட்டியிருந்தார்கள். காத்திருந்த நேரத்தில் என் வீட்டுக்காரர் அந்த ஏணிகளின் முன்னால் நின்று வாய்க்குள் என்னவோ முணுமுணுத்தார். கிட்டே போய்க் கேட்டால், "லாபம், நஷ்டம், லாபம், நஷ்டம்."

மாடிப்படி கட்டும்போது எங்கள் பக்கத்தில் அப்படித்தான் எண்ணுவார்கள். முதல் படி லாபம், அடுத்தது நஷ்டம், கடைசிப் படி லாபத்தில் முடிய வேண்டும். எங்கள் மாடிப்படியைக் கொத்தனார் பதினாறாகக் கட்டிவிட்டுப் போக, இவர் லோடு இறக்கிவிட்டு வந்து எண்ணிப் பார்த்து, மறுநாளே பதினேழாவது படியைக் கட்ட வைத்தார். ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போகிற மனுஷன்தான். அதைச் சொல்லிக் கேலி செய்தால், சாமி வேறு கணக்கு வேறு என்பார். ஆனால் மாடிப்படிக்கு உள்ள கணக்கை அலுமினிய ஏணிக்கும் போடுவார் என்று நான் நினைக்கவில்லை.

பாய் வந்து பூட்டைத் திறந்தார். குறைந்த விலையில், வீட்டு வேலைக்கு உழைக்கிற மாதிரி ஒன்று வேண்டும் என்றேன். விலை குறைவு என்று பார்த்தால் இரும்பு ஏணிதான். லாரிக்காரர் ஆயிற்றே, இவர் கையும் நேரே இரும்புக்குத்தான் போயிற்று. பாய் அதை என்னைத் தூக்கிப் பார்க்கச் சொன்னார். என்னால் ஒரு பக்கத்தைத்தான் எழுப்ப முடிந்தது.

"வெல கம்மின்னு பாக்காதீங்கக்கா. தூக்க முடியாத ஏணிய மூலையில வெச்சிட்டு மறுபடியும் சேர் மேலதான் ஏறுவீங்க. அதுக்கு எதுக்கு ஏணி?" என்றார்.

சக்கரம் வைத்தது, கைப்பிடி வளைத்தது என்று பளபளப்பாக இரண்டு மூன்று இருந்தன. அவற்றின் விலையைக் கேட்டதும் நாங்கள் இருவரும் ஒரே நேரத்தில் வேறு பக்கம் பார்த்தோம். பாய் சிரித்துவிட்டு, உள்ளேயிருந்து பெயர் எதுவும் ஒட்டாத சாதாரண அலுமினிய ஏணி ஒன்றைக் கொண்டுவந்தார். பெயருக்குக் கொடுக்கிற பணம் இதில் மிச்சம் என்றார். எதைப் பார்த்து வாங்க வேண்டும் என்று அவர் காட்டியது எனக்கு வியப்பாக இருந்தது. விரித்தபின் இரண்டு பக்கக் கால்களையும் இணைக்கும் நடுத் தட்டையை அமுக்கிப் பூட்ட வேண்டும், இல்லாவிட்டால் கால்கள் நகரும். நாலு காலிலும் ரப்பர் புஷ் முழுசாக இருக்க வேண்டும். படியில் பாதம் பாதிக்கு மேல் உட்கார வேண்டும். உச்சியில் இருக்கும் பலகை பெயின்ட் டப்பா வைக்கத்தான், கால் வைக்க அல்ல. கட்டைவிரல் நகத்தால் ஒவ்வொரு ஆணியையும் தட்டித் தட்டிக் காட்டினார். இத்தனை நாள் ஏணி என்றால் ஏணி, அவ்வளவுதான் என்று இருந்துவிட்டேனே என்று நினைத்தேன்.

அதே ஏணி ஐந்து படியிலும் இருந்தது, ஆறு படியிலும் இருந்தது. கொக்கி எவ்வளவு உயரம் என்று பாய் கேட்டார். இவர் மேசையின் உயரத்தையும் தன் கை எட்டும் உயரத்தையும் சேர்த்துச் சொன்னார். பாய் மனதுக்குள் கூட்டிப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார். அக்கா உயரத்துக்கு ஆறு படி எடுத்தால்தான் சரியாக இருக்கும் என்றார்.

நல்ல மனுஷன் நல்லதைத்தான் சொன்னார். என் காதில் 'அக்கா உயரத்துக்கு' என்பதுதான் விழுந்தது. ஐந்தே போதும், எனக்கு எட்டும் என்று வெடுக்கென்று சொன்னேன். இவரும் உடனே ஐந்துதான் என்றார். அவருக்கு ஆறு நஷ்டம். ஆளுக்கொரு காரணம், முடிவு மட்டும் ஒன்று. அத்தனை நாள் எதிலும் ஒன்றுசேராத நாங்கள் அதில் ஒன்றுசேர்ந்துவிட்டோம்.

வாங்கும் முன் ஏறிப் பார்த்துவிடச் சொன்னார் பாய். கடைத்தெருவில், புடவையோடு, நாலு பேர் பார்க்க நான் எப்படி ஏறுவது? தயங்கி நின்றேன். பாய் என் முகத்தைப் பார்த்தார். வேலை செய்த இரண்டு பேரையும் டீ குடித்துவிட்டு வரும்படி அனுப்பினார். பிறகு தன் நாற்காலியை எடுத்துத் தெருவைப் பார்க்கத் திருப்பிப் போட்டு, எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டார். அந்த முதுகைப் பார்த்து எனக்குக் கண் கலங்கியது என்றால் நம்ப வேண்டும்.

செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினேன். அவர் இடது கையால் ஏணியைப் பிடித்துக்கொண்டார். இரண்டாவது படியில் அவர் முகமும் என் முகமும் நேருக்கு நேராக வந்தன. நின்றபடி அவர் கண்ணை நான் நேராகப் பார்த்தது அதுதான் முதல் தடவை. ஐந்தாவது படியில் அவருடைய உச்சந்தலை தெரிந்தது. உட்கார வைத்து எத்தனையோ தடவை எண்ணெய் தேய்த்துவிட்டிருக்கிறேன். ஆனால் நிற்கிற மனுஷனின் உச்சியை மேலேயிருந்து பார்ப்பது வேறாக இருந்தது. முடி வட்டமாக உதிர்ந்து, நடுவில் பளிச்சென்று தோல். இவ்வளவு உயரமான ஆளுக்கும் தலைக்கு மேல் யாருமே பார்க்காத ஒரு இடம் இருக்கிறதே என்று மலைத்துப்போய் நின்றேன். அவர் அண்ணாந்து பார்த்தார். தலை சுற்றும், பார்க்காதீர்கள் என்றேன். ஒரு நொடி பார்த்துவிட்டுத்தான் குனிந்தார்.

பஸ் நிலையத்துக்கு நடக்கும்போது முன்பக்கத்தை நான் தோளில் வைத்துக்கொண்டேன், பின்பக்கத்தை அவர். அவர் தோளிலிருந்து என் தோளுக்கு ஏணி சரிந்து இறங்கியது. நடக்க நடக்க அது வழுக்கி என் கழுத்துக்கு வந்தது. "சாண் ஏறினா மொழம் சறுக்கும்னு சொல்றது இதத்தான் போல" என்று பின்னாலிருந்து சொன்னார். விபத்துக்குப் பிறகு அவர் சிரித்ததை அன்றுதான் கேட்டேன்.

அந்தச் சிரிப்பு வீடு வந்து சேர்ந்ததோடு சரி. ஏணியை வாசலில் விரித்து ஐந்தாவது படியில் ஏறிக் கையை நீட்டினேன். கொக்கி ஒரு சாண் மேலே இருந்தது. எக்கினேன், குதிகாலைத் தூக்கினேன், பக்கத்து வீட்டு மாடியில் யாரும் இல்லை என்று பார்த்துவிட்டுப் பல்லையும் கடித்தேன். சாண் சாணாகவே இருந்தது. உச்சிப் பலகையில் கால் வைக்கலாமா என்று ஒரு நினைப்பு வந்தது. கீழேயிருந்து அவர், "வேண்டாம், எறங்கு" என்றார். அதற்குள் அவர் முகம் மாறிவிட்டது. மறுபடியும் விருந்தாளியாகி உள்ளே போய் உட்கார்ந்துகொண்டார்.

மூன்று நாள் கழித்து, மத்தியானம், ரேஷன் கடையிலிருந்து வந்துகொண்டிருந்தேன். தெருமுனையிலேயே தெரிந்துவிட்டது. அவர் ஏணியின் நாலாவது படியில் நின்றுகொண்டிருந்தார். நட்சத்திரத்தின் கயிறு பல்லில் இருந்தது, இடது கை கொக்கியைத் துழாவியது, வலது கை சும்மா தொங்கியது. எதையும் பிடிக்காமல் நின்றார். ஏணி ஆடியது. நடுத் தட்டை அமுக்கப்படவில்லை என்பது அங்கிருந்தே எனக்குத் தெரிந்தது.

கத்தத்தான் வாய் வந்தது. கத்தினால் திரும்புவார், திரும்பினால் விழுவார். அரிசிப் பையைத் தெருவிலேயே வைத்துவிட்டு, சத்தமில்லாமல் போய், இரண்டு கையாலும் ஏணியைப் பிடித்து என் உடம்பு முழுவதையும் அதன்மேல் சாய்த்தேன். ஆட்டம் நின்றது. மேலே அவர் அசையாமல் நின்றார். கயிறு பல்லிலிருந்து நழுவி, நட்சத்திரம் என் காலடியில் விழுந்தது.

"யாரு?" என்றார், திரும்பாமல்.

"நான்தான். எறங்குங்க."

ஒவ்வொரு படியாக இறங்கினார். தரைக்கு வந்ததும் கீழ்ப்படியிலேயே உட்கார்ந்துவிட்டார். எனக்கு வாய்க்கு வந்ததையெல்லாம் சொல்லித் திட்டினேன். ஏணி வாங்கியதே நீங்கள் ஏறக்கூடாது என்பதற்காகத்தானே, விழுந்திருந்தால் எனக்கு யார் இருக்கிறார்கள் என்று கேட்டேன். அவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு இருந்தார்.

"நட்சத்திரம் கட்டறது ஒண்ணுதான் மிச்சம் இருந்துச்சு. அதுவும் இல்லன்னா இந்த வூட்டுல நான் எதுக்கு?" என்றார்.

பக்கத்தில் உட்கார இடமில்லாததால் தரையில் உட்கார்ந்தேன். அழுதேன், மறைக்கவில்லை. பிறகு அவராகவே பேசினார்.

"மேல நிக்கும்போது கண்ணு இருட்டிட்டு வந்துச்சு. விழப்போறோம்னு தெரிஞ்சுபோச்சு. நீ புடிச்சதும் ஆட்டம் அப்படியே நின்னுடுச்சு. பயமே போயிடுச்சு புள்ள."

அதைச் சொல்லிவிட்டு ஏணியின் காலையே பார்த்துக்கொண்டிருந்தார். தெருவில் கிடந்த அரிசிப் பையை நான் போய் எடுத்துவந்தேன்.

மறுநாள் காலை நான் எழுந்து பார்த்தபோது வீட்டில் அவரும் இல்லை, ஏணியும் இல்லை. போனையும் வைத்துவிட்டுப் போயிருந்தார். எங்கே என்று யாரிடம் கேட்பது? நூறு நினைப்பு வந்தது, ஒன்றும் நல்ல நினைப்பாக இல்லை. பதினோரு மணி பஸ்ஸிலிருந்து இறங்கினார், இடது தோளில் ஏணியோடு. வாசலில் சாய்த்தபோது எண்ணிப் பார்த்தேன். ஆறு படி.

பாய் ஒன்றுமே கேட்கவில்லையாம். ஐந்து படியை வாங்கி உள்ளே வைத்துவிட்டு, ஆறு படியை எடுத்துக் கொடுத்தாராம். அக்கா நல்லா இருக்காங்களா என்று மட்டும் விசாரித்தாராம். கேட்டதும் எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. அன்றைக்கே பாய் சொன்னதை நான் கேட்டிருக்கலாம்.

ஆறு நஷ்டமாயிற்றே, இப்போது மட்டும் பரவாயில்லையா என்று இவரைக் கேட்டேன். கேலியாகத்தான் கேட்டேன். அவர் கேலியாக எடுத்துக்கொள்ளவில்லை. ஏணியை விரித்து, நடுத் தட்டையை இடது கையால் அமுக்கிப் பூட்டினார், ஒரு தடவைக்கு இரண்டு தடவை ஆட்டிப் பார்த்தார். பிறகு ஏணியின் காலை ஒட்டித் தன் காலைப் பதித்து, இடுப்பைச் சாய்த்து, இடது கையால் இறுகப் பிடித்துக்கொண்டார்.

"தப்பா எண்ணிட்டேன். இங்க நான் நிக்கிறேன்ல, இதுதான் மொதப் படி. இங்க இருந்து எண்ணு" என்றார்.

நான் எண்ணவில்லை. நட்சத்திரத்தைக் கையில் வாங்கிக்கொண்டு ஏறினேன். ஆறாவது படியில் நின்று கையை நீட்டியதும் கொக்கி என் உள்ளங்கைக்கு வந்தது, குளிர்ந்து, துருப்பிடித்து. இவ்வளவு வருஷம் அவர் மட்டுமே தொட்ட இரும்பு. அங்கிருந்து எங்கள் மொட்டைமாடியின் விளிம்பு தெரிந்தது, எதிர்வீட்டுக் கூரைக்கு அந்தப்பக்கம் ராகிக் கொல்லை தெரிந்தது, அதற்கும் அப்பால் மலை முழுசாகத் தெரிந்தது. அந்த மலையை என் வாசலிலிருந்து நான் முழுசாகப் பார்த்ததே இல்லை. இவர் ஒவ்வொரு டிசம்பரிலும் இதையெல்லாம் பார்த்துக்கொண்டா நட்சத்திரம் கட்டினார் என்று ஆச்சரியமாக இருந்தது. வாய்விட்டே சொன்னேன், எவ்வளவு தெரியுதுங்க என்று.

கயிற்றை இரண்டு கையாலும் முடிந்தேன். ஏணி இம்மிகூட ஆடவில்லை.

இறங்கும்போது எண்ணினேன், அவருக்குக் கேட்கும்படி சத்தமாகவே. ஆறாவது படி லாபம், அடுத்தது நஷ்டம், லாபம், நஷ்டம், லாபம், நஷ்டம். தரையில் அவர் காலுக்குப் பக்கத்தில் என் காலை வைத்தேன்.

"லாபம்" என்றார் அவர்.